ஜோலீன் பார்க்கும் தடம்

ஞாயிறு தேவாலயத்தில் ஆராதனை முடிந்து ஊரே காபிக்கும் இலவங்கப்பட்டை ரொட்டிக்கும் உள்ளே வரிசை கட்ட, ஜோலீன் ஹௌகன் மட்டும் வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நிற்கிறாள். வண்டிகளை அவள் பார்ப்பதில்லை. வண்டிகள் வந்த வழியைப் பார்க்கிறாள். ஈரப்பனியில் டயர் விட்டுப்போன அச்சைப் பார்த்தால் போதும், அந்த வண்டி பிப்ரவரியில் எந்த வளைவில் பள்ளத்துக்குள் இறங்கும் என்று சொல்லிவிடுவாள்.

"இங்க பாரு, கேக்கைக் கத்தியால வெட்டின மாதிரி ஓரம் நிக்குது. உள்ள சீப்பு வாரின கோடு. இது ரோட்டப் பிடிக்கும்" என்பாள். இரண்டு அடி தள்ளிப்போய் மூக்கைச் சுருக்குவாள். "இது யாரு வண்டி? டயருக்குள்ள பனி அப்பிக்கிட்டு அப்படியே உருண்டு வந்திருக்கு. இதுக்கு வெறுங்கால்லயே வந்திருக்கலாம்."

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து வடகோடியில் நல்ல பனி பெய்வதே அபூர்வம். பெய்யும், பாதி உருகும், மேலே மழை விழும், ராத்திரி உறையும். காலையில் சாலை சோப்புத் தேய்த்த பீங்கான் தட்டு மாதிரி கிடக்கும். முதியோர் மையத்தில் சமைக்கிறவளும் ஜோலீன்தான், சமைத்ததைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்டோனி மேட்டில் தனியாக இருக்கும் கிழங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவளும் அவள்தான். வண்டியில் ரேடியோ போட்டால் அணைத்துவிடுவாள். "டயர் என்ன சொல்லுதுன்னு கேக்க விடு." கடைத்தெருவில் அந்நியர் வண்டியின் டயரில்கூடக் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பாள். குளிரில் ரப்பர் கல்லாகாமல் நகத்துக்கு இணங்குகிறதா என்று பார்க்கிறாளாம். ஒருமுறை அந்த வண்டியின் திருட்டு அலாரம் அலறி, சொந்தக்காரர் பாதி மழித்த முகத்தோடு முடிவெட்டும் கடையிலிருந்து ஓடிவந்தார். இவ்வளவு தெரிந்தவளுக்குப் பின்பக்கமாக வண்டி எடுக்க மட்டும் இன்றுவரை வரவில்லை. அதற்குப் பதில் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள்.

போன குளிர்காலத்தில் மேட்டு வளைவில் அவள் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. மாட்டிறைச்சிக் குழம்பு முழுவதும் இருக்கையில் கொட்டிவிட்டது. ஜூன் மாதம்வரை அந்த வண்டியில் ஏறினால் பசிக்கும். மையத்து நிர்வாகி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை மாட்டினால் குளிர்காலத்துக்கு மேட்டுப் பக்கம் வண்டி கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை உறைந்த பொட்டலங்களை மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள்.

மேட்டின் உச்சி வீட்டு ஹெஸ்டருக்கு எண்பது தாண்டிவிட்டது. "பொட்டலம் வரும், சரி" என்றாள். "அது எங்கூட உக்காந்து அடுத்த வீட்டுக் கதை பேசுமா, கண்ணு?"

ஆகவே இந்த வருஷம் புது டயர் வாங்கியே தீரவேண்டும் என்று ஜோலீன் இருந்தாள். வாரக்கணக்கில் அச்சுப் பார்த்தாள், நகம் பதித்தாள். அதற்குள் அவள் கணவன் டெல்பர்ட் முந்திக்கொண்டான்.

கல்யாண நாளன்று மையத்துச் சமையலறைக்கே வந்து, அவள் கண்ணைப் பொத்தி வெளியே கூட்டிவந்தான். கையை எடுத்தால், அவள் வண்டியில் முதலை முதுகு போல நான்கு டயர்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு ரப்பர் பட்டனும், நடுவே விரல் போகிற பள்ளங்களும். சேற்றுக் காட்டில் மரம் இழுக்கிற வண்டிக்குப் போடுகிற டயர். ஊர் ஆண்கள் பத்துப்பேர் சுற்றி நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தாலே பயமா இருக்குல்ல?" என்றான் டெல்பர்ட், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஆமா" என்றாள் ஜோலீன். "பனியும் பயந்து வழிவிட்டா நல்லதுதான்."

டயரில் நகம் பதிக்கப் போன கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் அந்த மனிதன் தானாக நினைத்து வாங்கி வந்தவை வாப்பிள் ரொட்டி சுடும் ஒரு சட்டியும் இந்த நான்கு டயர்களும்தான். அக்டோபர் முழுவதும் தேன்கூட்டைப் பின்னால் கட்டி இழுப்பதுபோல ரீங்காரத்தோடு ஊருக்குள் போய்வந்தாள். யாராவது புகழ்ந்தால், "டெல் வாங்கினது" என்று மட்டும் சொல்வாள்.

நவம்பரில் முதல் ஈரப்பனி விழுந்தது. தன் வண்டியின் அச்சைத் தானே போய்ப் பார்த்தாள். பெரிய பெரிய வெற்றுச் சதுரங்கள். ஒன்றிலும் அந்தச் சீப்புக் கோடு ஒன்றுகூடக் கிடையாது. மறுநாள் காலை வண்டிச் சாவியைக் கணவன் கையில் திணித்தாள்.

"மேட்டுக்கு இன்னிக்கு நீ ஓட்டு."

"நானா? எதுக்கு?"

"உன் டயர்தானே. நான் சூப்ப மடியில வச்சுக்கறேன்."

வளைவுக்குக் கீழே வண்டி நின்றது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. பிறகு நகர்ந்தது, ஆனால் பின்னோக்கி. விருந்தாளி இடம் பார்த்து உட்காருவதுபோல நிதானமாகப் பக்கவாட்டில் சறுக்கி, பனிக்குவியலில் சாய்ந்துகொண்டது. பட்டாணி சூப் சட்டியை இரு கையாலும் கட்டிப்பிடித்தபடி ஜோலீன் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"ரோடு வழுக்குது" என்றான் டெல்பர்ட்.

"மார்ச் வரைக்கும் வழுக்கும், டெல்."

அவன் இறங்கினான். சேறும் பனியுமான சகதியில் மல்லாந்து படுத்து, சறுக்காமலிருக்க டயர்களில் சங்கிலி மாட்டினான். ஊர்ந்து ஊர்ந்து மேலே போய்ச் சேர்ந்தபோது ஹெஸ்டர் ஜன்னலோரத்தில் தயாராக இருந்தாள். முதுகெல்லாம் நனைந்து நின்ற டெல்பர்ட்டையும் வண்டியின் டயரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"வாய் நெறைய பல்லுதான் இதுக்கு. கடிக்கத்தான் தெரியல."

"ஹெஸ்டர், கீழ மையத்துல கேட்டா..." என்று ஜோலீன் இழுத்தாள்.

"நான் என்னத்தக் கண்டேன்? கண்ணாடியே போடல." கண்ணாடி அவள் மூக்கின் மேலேயே இருந்தது. "ஆனா தம்பி, அடுத்த தடவையும் நான் குருடியா இருக்க முடியாது."

இறங்கும்போது டெல்பர்ட் வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. நேரே லைலின் டயர் கடை வாசலில் நிறுத்தினான். "நீயே பாத்து எடு" என்றான், அவளைப் பார்க்காமல்.

ஜோலீன் அடுக்கின் நடுவே நடந்தாள். அகலமானவற்றைத் தாண்டினாள். "இது சகதி மேல மெதக்கும். எனக்குச் சகதிய வெட்டிக்கிட்டுக் கீழ இறங்கறது வேணும்." பக்கவாட்டில் மலையும் நடுவில் பனிப்பூவும் போட்ட பனிக்கால முத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பட்டன்களை விரித்து உள்ளே பனியைக் கவ்வும் நுண்கீறல் எவ்வளவு ஆழம் போகிறது என்று எட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒரு டயரில் நகத்தை அழுத்தி, அது மெல்லக் குழிந்ததைப் பார்த்து நின்றாள்.

டெல்பர்ட் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "மளிகைக்குப் போற வண்டி டயர் மாதிரி இருக்கு."

"நான் ஏத்திட்டுப் போறது மளிகைதானே?"

லைல் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். பழைய நான்கையும் தன் மச்சானின் மான்வேட்டை வண்டிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். லைல் அவற்றைக் கழற்றி ஒவ்வொன்றாக உருட்டிப்போவதை டெல்பர்ட் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி பார்த்துக்கொண்டு நின்றான். கடைசி டயர் உள்ளறைக்குள் மறைந்ததும், சுவரில் இருந்த என்ஜின் எண்ணெய் விளம்பரத்தைப் படிக்கத் தொடங்கினான்.

"ஜோலீன்" என்றான் லைல், புது டயரை நிமிர்த்திப் பிடித்தபடி. "இதுல ஒரு பக்கம் பந்தாவா கம்பெனி பேரு பெரிய வெள்ளை எழுத்துல இருக்கு, மறுபக்கம் வெறும் கறுப்பு. உங்களுக்கு எப்பவும்போலக் கறுப்பதானே வெளிய வச்சு மாட்டணும்?"

ஜோலீன் வாயைத் திறந்தாள். கணவனின் நனைந்த முதுகைப் பார்த்தாள். அவன் இன்னும் அதே விளம்பரத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளய வெளிய வை."

"நெசமாவா?"

"வைப்பா."

கடையில் அழுக்காகாமலிருக்க அந்த வெள்ளை எழுத்துகளின் மேல் நீலப்பூச்சு இருக்கும். வாங்கினவர்கள் ஓட்டி ஓட்டியே அது தானாகப் போய்விடும். நான்கு டயரும் மாட்டி முடிந்ததும் ஜோலீன் லைலின் வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சகதியில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, டெல்பர்ட் நின்ற பக்கத்துச் சக்கரத்தில், முதல் எழுத்தின் நீலத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.