மருந்துக்கு மசியாத செல்கள்

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்களை வளர்ப்பதுதான் அப்போது என் வேலை. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஆரணியில் அத்தை, மாமா வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் அங்கே பஸ் ஏறினால் கண்ணமங்கலம் தாண்டிய பிறகுதான் உட்கார இடம் கிடைக்கும். வேலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், இளஞ்சிவப்பு ஊட்டநீர் நிரப்பிய பிளாஸ்டிக் குடுவைகளின் அடியில் அந்தச் செல்கள் ஒட்டிக்கொண்டு வளர்ந்தன. அவற்றுக்கு சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைத் துளித்துளியாகக் கொடுப்பேன். பெரும்பாலானவை சாகும். பிழைத்தவற்றை வளர்த்து, அளவைக் கொஞ்சம் கூட்டி மறுபடி கொடுப்பேன். மாதக்கணக்கில் இப்படிச் செய்ததில், முழு அளவு ஊற்றினாலும் அசையாத ஒரு கூட்டம் உருவாகிவிட்டது. அது எப்படித் தப்பிக்கிறது என்பதே என் ஆராய்ச்சி.

பண்டிகை நாளிலும் அவற்றைப் பட்டினி போட முடியாது. ஒரு மாட்டுப் பொங்கலன்று நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அத்தை சொன்னார்: “ஊரே மாட்டக் குளிப்பாட்டிகினு இருக்குது. இவ புட்டிக்குத் தண்ணி காட்டப் போறா.” மாமா வயிறு குலுங்கச் சிரித்தார்.

மாமா பக்கத்துச் சேவூரில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் நகக்கண்ணைப் பார்த்தால் அந்த வாரம் எந்த நிறத்துச் சேலைக்கு ஆர்டர் என்று தெரியும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் அவர் பேச்சைக் கேட்கத்தான் கூட்டம் சேரும். அப்படிப்பட்டவர் பொங்கல் கழிந்ததிலிருந்து ஒரு வாரமாகப் பேச்சைக் குறைத்திருந்தார். சிறுநீரில் ரத்தம் போகிறது என்பதை அத்தைதான் என் காதில் சொன்னார்.

மறுநாளே வேலூருக்கு அழைத்துப் போனேன். உள்ளே குழாய்விட்டுப் பார்த்த டாக்டர், கட்டி சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கிவிட்டது என்றார். சாயம்தான் காரணமா என்று அத்தை கேட்டார். பழைய சாயங்கள் சிலவற்றுக்கு இந்த நோயோடு தொடர்பு உண்டு, பீடிக்கும் உண்டு, இவருக்கு எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாமா சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து அங்கிருந்த குப்பைக்கூடையில் போட்டார். பிறகு அதைத் தொடவே இல்லை.

கட்டியைச் சுருக்க முதலில் மருந்து ஏற்றினார்கள். தொங்கிய பாட்டிலில் என் குடுவைகளுக்கு நான் ஊற்றும் அதே மருந்தின் பெயர். இவர் கட்டியும் மசியாதோ என்று பயந்தேன். ஆனால் கட்டி சுருங்கியது. வாந்தியும் அசதியும் நின்ற அன்றைக்கே மாமா பிரியாணி வாங்கிவரச் சொன்னார். அடுத்த முறை பார்த்தபோது கட்டி திரும்பவும் வளரத் தொடங்கியிருந்தது. இனிக் காத்திருக்க வேண்டாம், சிறுநீர்ப்பையை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. “ஒரு தடவ கேட்ட மருந்து இன்னொரு தடவ கேக்காதா? ஜாஸ்தியா ஏத்தச் சொல்லும்மா” என்று என்னிடம் சண்டை போட்டார்.

வழிகாட்டியான பேராசிரியரிடம் கேட்டு, மாமாவை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். சாதாரணச் செல்கள் ஒரு குடுவையில், மசியாதவை இன்னொன்றில்; இரண்டுக்கும் ஒரே அளவு மருந்து கொடுத்திருந்தேன். முதல் குடுவையை நுண்ணோக்கியில் வைத்தேன். செல்கள் சுருங்கி, பிடிப்பு விட்டு மிதந்தன. அடுத்ததில் பாய் விரித்ததுபோல நெருக்கமாக வளர்ந்திருந்தன.

மாமா கண்ணை எடுக்காமல் கேட்டார்: “இதுக்கும் அதே மருந்துதானா?”

“அதேதான் மாமா. உள்ள போற மருந்துல கொஞ்சத்த வெளிய தள்ளிடுது. மிச்சத்தக் கட்டிப்போட்டு செயலிழக்க வைக்க ஒரு பொருள நிறைய செஞ்சுக்குது. அதையும் தாண்டி மருந்து டிஎன்ஏவ சேதம் பண்ணினா, ஒட்டுப்போட்டுக்குது.”

“கெட்டிக்காரக் கழுதையா இருக்குது. ஜாஸ்தி ஊத்தினா?”

“அத சாகடிக்கிற அளவு ஊத்தினா, உங்க கிட்னி தாங்காதுங்க.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப ஜல்தி எடுத்துடச் சொல்லு” என்றார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குடலில் ஒரு துண்டை வெட்டி வழி அமைத்து, வயிற்றில் ஒட்டிய பையில் சிறுநீர் சேரும்படி செய்தார்கள். பை மாற்ற அத்தை கற்றுக்கொண்டார். ஒரு மாதம் மாமா வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டே வீட்டுக்குள் கிடந்தார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. தறியில் மிஞ்சிய மாம்பழ மஞ்சள் பட்டுத் துண்டில் பைக்கு உறை தைத்து, ஓரத்தில் ஜரிகையும் வைத்தார். “பட்டு நெய்யிற ஊர்ல பொறந்துட்டு, வெறும் பிளாஸ்டிக்க கட்டிகினா பேஜாரா இருக்காதா” என்றார். மாமா அதை மாட்டிக்கொண்டு மொபெட்டை எடுத்தார். அன்று சாயங்காலம் டீக்கடையில் பையைப் பற்றி யாரோ கேட்க, அவர் உறையையே வெளியே எடுத்துக் காட்டியதாகக் கேள்விப்பட்டோம்.

அடுத்த வருடம் என் வேலையிலும் ஒரு நல்ல நாள் வந்தது. மருந்தைக் கட்டிப்போடும் குளூட்டாதயோன் என்ற பொருளை மசியாத செல்கள் செய்யவிடாமல் தடுத்துவிட்டு, பிறகு சிஸ்பிளாட்டின் கொடுத்திருந்தேன். காலையில் குடுவையை நுண்ணோக்கியில் வைத்தால், பாதிக்கு மேல் மிதந்துகொண்டிருந்தன. தவறாக ஊற்றிவிட்டேனோ என்று மறுபடியும் செய்தேன், பேராசிரியரும் தானே ஒருமுறை செய்தார். மூன்றிலும் ஒரே பதில். குடுவையில் நடந்தது மனித உடம்பில் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் அந்த நாளில் தரையில் கால் பாவவில்லை. சந்தோஷமாக எதுவும் சொல்லிப் பழக்கமில்லாத பேராசிரியர், ஆய்வகத்தில் எல்லாருக்கும் சமோசா வாங்கி வந்தார்.

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்ற முறையில் நடந்தது. பட்டு வேட்டியில் மாமா முதல் வரிசையில் அமர்ந்தார். நான் இரண்டாவது படத்தைக் காட்டுவதற்குள் தூங்கிவிட்டார். குறட்டை கேட்டு வெளியூர்த் தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அத்தை கிள்ளியதும் மாமா எழுந்து நின்று, “மன்னிக்கணுங்க. இதெல்லாம் எனக்கு முன்னாடியே நடத்திட்டாங்க” என்றார். அரங்கமே சிரித்தது. தேர்வாளர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அவரை உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் குளூட்டாதயோன் பற்றிக் கேட்டார். நான் பதில் சொன்னேன்.