ஜன்னல் பக்கம் திரும்பிய நாற்காலி

காந்தி பஜார் கிளினிக் டாக்டர் சார் இறந்துவிட்டார். காலையில் வாட்ஸ்அப்பில் அவர் போட்டோவைப் பார்த்தேன். கீழே கைகூப்பிய எமோஜிகள்.

போட்டோவில் நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்கு அவர் முகத்தைவிட முதுகுதான் நன்றாக ஞாபகம் இருக்கிறது...

செஞ்சிக்காரர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் பத்தாவது படிக்கும்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நைனா கேட்டால் அசதி என்பாள். மெடிக்கலில் சத்து டானிக் வாங்கிக் குடிப்பாள். ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்த பிறகுதான் கிளினிக் போனோம்.

அன்றைக்கு ஊரில் லேடி டாக்டர் கிடையாது. சார் மட்டும்தான்.

அவர் என்ன பண்ணுது என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பேசுவதற்காகத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு வாயே திறக்கவில்லை.

சார் எழுந்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"நான் மலையப் பாத்துக்கினு இருக்கேன். நீங்க உங்க பொண்ணுகிட்ட பேசுங்கம்மா."

அம்மா அந்த முதுகை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் என் காதில் சொல்வதுபோல ஆரம்பித்தாள். குரல் மட்டும் அறை முழுக்கக் கேட்டது.

"மாசம் பூரா போவுதுடி. நிக்கவே மாட்டேங்குதுன்னு சொல்லுடி."

நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேளும்மா என்றார் அவர், செஞ்சிக்கோட்டை கிருஷ்ணகிரி மலையைப் பார்த்தபடியே. அம்மா எனக்குப் பதில் சொன்னாள். கேள்வியும் பதிலும் அப்படியே போய்க்கொண்டிருந்தன. நடுவில் நான், பள்ளிக்கூட யூனிஃபார்மில்.

கடைசியில், இதைத் தொட்டுப் பார்த்தே ஆகணும், நான் பார்த்தால் நீங்கள் மறுபடி வரவே மாட்டீர்கள் என்றார். அங்கிருந்தே விழுப்புரத்தில் ஒரு லேடி டாக்டருக்குப் போன் செய்தார். அன்றே பஸ் ஏறினோம். ஆபரேஷன் நடந்தது. இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று அந்த டாக்டர் நைனாவிடம் சொன்னாராம்.

எங்களுக்கு மட்டும் இல்லை. கூச்சப்படுகிற எல்லாப் பெண்களுக்கும் அந்த நாற்காலி திரும்பும். டீக்கடை ஆண்கள் அவருக்கு முதுகு டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்து அனந்தபுரத்திலிருந்து ஒருவர் முதுகுவலி என்று தேடி வந்தாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்புறம் ஊருக்கு லேடி டாக்டர் வந்தார். பெண் பெயர் போட்ட போர்டு மாட்டிய வாரமே எல்லோரும் அங்கே போய்விட்டோம். நானும் அம்மாவும்தான். அம்மா என்னை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டு முதல் தடவையாகத் தனியாக உள்ளே போனாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. இல்லைதான்...

ஆனால் ஷேர் ஆட்டோ சார் கிளினிக்கைத் தாண்டும்போது நான் போனைப் பார்ப்பேன். உள்ளே பேஷன்ட் யாரும் இருக்கமாட்டார்கள். ஃபேனுக்குக் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மெடிக்கல் வாசலில் சாரிடம் மாட்டிக்கொண்டேன். கையில் லேடி டாக்டர் ஃபைல். துப்பட்டாவுக்குள் மறைத்தேன். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். என்ன படிக்கிறாய் என்றார். எம்.காம். முடித்துவிட்டேன் சார் என்றேன். சந்தோஷம்மா என்றார். ஃபைல் பக்கம் கண் போகவே இல்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

போன மாதம் லேடி டாக்டரிடம் போயிருந்தேன். ஹால் முழுக்கப் பெண்கள். சார் தன் மனைவியைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பேச்சு அப்படியே நின்றது. அங்கே இருந்த பாதிப்பேர் ஒரு காலத்தில் அவர் முதுகிடம் பேசியவர்கள். பக்கத்தில் இருந்த மேல்சித்தாமூர் அக்கா முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டார். நான் ஃபைலை முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

அவர் மனைவிதான் பேசினார்.

"இவரு டாக்டரா இருந்து எனக்கு இன்னா பிரயோஜனம்? இவருகிட்ட காமிக்க எனக்கே கூச்சமா இருக்குது."

சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. சார் மட்டும் சிரித்தார். அப்புறம் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார்.

பார்த்துவிட்டு எழுந்தார். தன் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அங்கே மலை இல்லை. தடுப்பூசி போஸ்டர்தான் ஒட்டியிருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக ஹாலில் பேச்சு திரும்பி வந்தது.

எனக்கு நேர் எதிரே அவர் முதுகு. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. நல்லா இருக்கீங்களா சார் என்று கேட்டிருக்கலாம். முகம் பார்த்தால்தானே கூச்சம். முதுகிடம் சொல்வதற்கு என்ன...

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்விட்டேன். திரும்பி வரும்போது அவர்கள் இல்லை. நாற்காலி மட்டும் சுவரைப் பார்த்தபடி கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

இன்று மத்தியானம் அம்மாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். தெருவில் ஆண்கள் கொஞ்சம்பேர் நின்றிருந்தார்கள். உள்ளே நுழைய முடியாத அளவுக்குப் பெண்கள். மேல்சித்தாமூர் அக்காவும் இருந்தார். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

அம்மா கண்ணாடிப் பெட்டி அருகில் போய்க் குனிந்து நின்றாள். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லியும் நகரவில்லை.

"இந்த மூஞ்ச இன்னைக்குத்தாண்டி நல்லா பாக்குறேன்" என்றாள்.

போய் வாங்க சார்.

அம்மா நல்லா இருக்காங்க.