மெர்லின் வீட்டு உப்பு ஜாடி

“மூச்சு வுடாத மாமு, படம் ஆடிடும்!” என்று மெர்லின் சொன்னால், அறையில் இருக்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

கிண்டிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அவர் பொறுப்பில் இருக்கிறது. கண்ணாடிக்குள் அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. யாராவது திரையை வெறித்துக்கொண்டிருந்தால் தோளில் தட்டுவார். “பாத்த வரைக்கும் போதும். ரொம்ப நேரம் கதிர் பட்டா கண்ணாடி கலீஜாயிடும்.”

திருவொற்றியூர்க்காரர். கருத்தரங்க மேடையிலும் ‘இன்னா’தான், ‘கீது’தான். யாராவது சிரித்தால் தானும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

அப்பா லூயிஸ் அங்கே ஒரு பாட்டில் தொழிற்சாலையில் உலை பார்த்தவர். வேலை முடிந்து வந்தால் அவர் சட்டையில் சூடு இருக்குமாம். சிறுமி மெர்லின் அதில் கன்னத்தை வைத்துக்கொள்வாராம். ஆலை மூடிய வாரம், உலையின் கடைசிக் கண்ணாடியில் வார்த்த பச்சை ஜாடி ஒன்றை லூயிஸ் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா அடைக்கலமேரி அதில் கல்லுப்பு போட்டுவைத்தார். லூயிஸ் இறந்த பிறகும் உப்பு அதில்தான்.

போன மழைக்காலத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று தெருவையே குலுக்கிக்கொண்டு போனதில் ஜாடி அலமாரியிலிருந்து விழுந்தது. அம்மா கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுப்புமேடைக்கு அடியில் கிடந்த ஒற்றைச் சில்லை மெர்லின் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்.

பார்க்கவேண்டுமென்றால் பொடிக்கவேண்டும். சில்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு பாதியை மட்டும் உடைத்துப் பொடித்தார். திரையில் சாம்பல் நிறப் புள்ளிகள் எழுந்தன. எங்களையெல்லாம் அதட்டுகிறவர் அன்று கண்ணெடுக்கவில்லை, படமெடுக்கவும் மறந்துபோனார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் சுருங்கி, புள்ளிகள் கலங்கி, துணுக்கு குலைந்துவிட்டது.

“போச்சு” என்றார். பார்க்குமளவுக்கு மெல்லிய துணுக்கு அந்தப் பொடியில் வேறு கிடைக்கவில்லை. மிச்சப் பாதியையும் பொடித்தார். இம்முறை உருவம் தெளிந்ததுமே படமெடுத்துக் கதிரை நிறுத்திவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை படத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது நானும் உடன் போனேன். அம்மா தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாடி இது, ஒண்ணாவது வரிசைல கீதா?”

“கண்ணாடி அப்டித்தாம்மா. வரிசைல நின்னுகினா அது கண்ணாடியே இல்ல.”

“உங்க நைனாவும் அப்டித்தான். ரேஷன் கடைல கூட லைன்ல நிக்க மாட்டாரு” என்று அம்மா சிரித்தார். சிரித்தபடியே தாளை மடியில் விரித்து, புள்ளிகளை விரலால் மெல்லத் தடவ ஆரம்பித்தார். காற்றில் தாளின் ஓரம் படபடத்தது.

மெர்லின் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.