விரிக்கும்போதா, மூடும்போதா?

பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார் கிப்பி. மகள் ஓஸ்லா அதில் டார்ச்சை வைத்தாள்.

"இது இல்ல, சின்னது."

சின்னதை வைத்தாள்.

"இதுவும் இல்ல. முதல்ல குடுத்தியே, அதுதான் சரி."

பிப்ரவரி மாதம், சனிக்கிழமை, காலை பதினொரு மணி. பின்பக்க அறையின் ஜன்னலோர மேசையில் பழுதுக்கு வந்த லௌரியின் அக்கார்டியன் பெட்டி வயிறு திறந்து கிடந்தது. அடுத்த புதன்கிழமை, நிலக்கரி அள்ள வெளியே போன கிப்பி வாளியோடு விழுந்தார், எழுந்திருக்கவில்லை. வயது எழுபத்திரண்டு, இதயம். அதனால் அந்தச் சனிக்கிழமையை ஓஸ்லா ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருக்கிறாள்.

யெல் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே ஓடும் படகில், எஞ்சின் அறையில், முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் கிப்பி. அந்த இரைச்சல் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. மேல் சுரங்கள் கேட்காது. அதனால் அவர் யார் பெட்டிக்கும் சுருதி சேர்த்ததில்லை. "சுருதி, காது இருக்கிறவன் சமாசாரம். வாயடைச்சுப் போனதைப் பேச வைக்கிறேன், அவ்வளவுதான்" என்பார். பேசுகிறதா என்று பார்க்க மோவாயைப் பெட்டியின் விளிம்பில் அழுத்திக்கொள்வார். அதிர்வு எலும்பில் தெரியும். வடக்குத் தீவுகளில் நடனத்துக்கு வாசிக்கிற எவருக்காவது ஒரு சுரம் நின்றுபோனால், பெட்டி படகேறி அவரிடம் வந்துவிடும். வேலை முடிந்த மறுநாள் கதவுக் கைப்பிடியில் ஒரு பை மீன் தொங்கும். யார் வைத்தது என்று அவர் விசாரித்ததில்லை. "மீனுக்கு எதுக்குப் பேரு?"

வருகிறவர் உட்காரும் முன்பே கேட்டுவிடுவார்: "விரிக்கும்போதா, மூடும்போதா?"

ஒவ்வொரு சுரத்துக்கும் உள்ளே இரண்டு எஃகு நாக்குகள். துருத்தியை விரித்தால் ஒன்று பேசும், மூடினால் மற்றது. இரண்டுமே பேசாவிட்டால் கட்டையில் கோளாறு இருக்கலாம், காற்று வழி அடைத்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பேசினால் கட்டையும் நல்லது, வழியும் நல்லது. கெட்டது ஒரே ஒரு நாக்குதான். பெட்டியைத் தொடுவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும்.

இதே கேள்வியை அவர் எதற்கும் கேட்பார். கார் கதவு கிறீச்சிட்டால் கேட்பார். கல்யாணமான ஆறாம் வருடம் ஓஸ்லா தொலைபேசியில், "சரியாவே இல்லப்பா. என்னன்னு தெரியல" என்று அழுதபோதும் கேட்டார்.

"எப்போ மோசம்? வேலைக்குப் போகும்போதா, வீட்டுக்குத் திரும்பும்போதா?"

அவள் எண்ணெய் முனையத்தில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பவள். கோளாறைப் பிரித்துப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. ஆனாலும் இதை அவள் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. திரும்பும்போதுதான். ஒரு மாதத்தில் அந்த வீட்டைவிட்டு வந்தாள். கிப்பி படகுத்துறையில் நின்றிருந்தார். சூட்கேஸை வாங்கிக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அதற்காக அவள் அவரிடம் நன்றி சொன்னதில்லை. அந்த வீட்டில் யாரும் நன்றி சொல்வதில்லை. பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது மணிக்கே லௌரி வந்திருந்தார். கிப்பியோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். மனைவி நெட்டா போன அக்டோபரில் இறந்ததிலிருந்து ஊர்க்கூடத்துக்கு வாசிக்க வருவதை நிறுத்தியிருந்தார். பெட்டியை வாசலிலேயே இறக்கி வைத்தார்.

"மூடும்போது பேசல. ஒரு சுரம் செத்துப்போச்சு. இனிமே நான் வாசிக்கல கிப்பி. உதிரி பாகத்துக்கு ஆகும், நீயே வெச்சுக்கோ."

"உன் வாயில ஆறு பல்லுதான் இருக்கு. ஆட்டுக்கறி திங்காமயா இருக்கே?"

"ஏழு."

"ஏழா! அப்ப உனக்கு என்னடா குறை? செவ்வாய்க்கிழமை வந்து தூக்கிட்டுப் போ."

லௌரி போன பிறகு கிப்பி ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். "சுரத்தைச் சொல்றான். கோளாறு அங்க இல்ல."

கோளாறு எங்கே என்று ஊருக்கே தெரியும். அடக்கம் முடிந்ததும் லௌரியின் தங்கை வந்து நெட்டாவின் துணிகளை மூட்டை கட்டி, பழைய துணி வாங்கி விற்கும் தர்மக் கடைக்கு அனுப்பினாள். நெட்டா லௌரிக்குப் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரும் அதில் போய்விட்டது. சாம்பல் நிற உடல், தோளைச் சுற்றிப் பச்சையில் பூவேலை. ஒவ்வொரு நடனத்துக்கும் அதைத்தான் போடுவார். அதே மாதிரி ஒன்று பின்னித் தருகிறேன் என்று கிப்பியின் மனைவி இனா கேட்டுப் பார்த்தாள். வேலைப்பாடு அவளுக்கு மனப்பாடம். ஆனால் கம்பளிக் கடையின் நிற அட்டையை நீட்டியபோது, "அந்தப் பச்சை இதுல இல்ல" என்று லௌரி மூடிக் கொடுத்துவிட்டார்.

துருத்தியைப் பிடித்திருக்கும் ஆணிகள் பதினாறு. எந்த ஆணியும் தன் துளைக்கே திரும்ப வேண்டும் என்பது கிப்பியின் சட்டம். பிடுங்கிய வரிசையிலேயே இனாவின் பின்னல் பெல்ட்டில் குத்தி வைப்பார். இடுப்பில் கட்டி, பின்னல் ஊசியின் முனையை ஊன்றிக்கொள்வதற்கான தோல் பட்டை அது, உடம்பெல்லாம் துளை.

"கிப்பி, என் பெல்ட் எங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"மேசைமேல இருக்கிறது என்ன, நாய்க்குட்டியா?"

"அரை மணி நேரம் குடு இனா."

"போன வாரம் கேட்ட அரை மணியே இன்னும் முடியல."

நாக்குகள் பதித்த மரச்சட்டத்தை வெளியே எடுத்து, வளைந்த கம்பியால் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டிவிட்டார். தட்டும்போது அவர் சட்டத்தைப் பார்க்கவில்லை. ஓஸ்லாவின் முகத்தைப் பார்த்தார். அவருக்குக் கேட்காதது அங்கே தெரியும். ணிங், ணிங் என்று போய்க்கொண்டிருந்தது. பதினோராவது நாக்கு 'டக்' என்று நின்றது. அவள் புருவம் அசைந்தது.

"சரி, இவன்தான்."

எஞ்சின் வால்வின் இடைவெளி பார்க்கும் தகடுகளில் மிக மெல்லியதை எடுத்தார். அதை நாக்கின் அடியில் நுழைத்து, வேரிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. "தூக்காதே, தூக்காதே" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். தகட்டின் நுனியில் கொசு அளவுக்குக் கம்பளிப் பஞ்சு வந்தது.

இதில் அதிசயம் இல்லை. பெட்டி நெஞ்சில் சாய்ந்திருக்கும். காற்றோடு கம்பளியும் உள்ளே போகும். கிடைத்த பஞ்சைப் பார்த்து, "சிவப்பு. இது நீ கிறிஸ்துமஸுக்குப் போட்டது" என்று உடையவரைக் கேலி செய்வது அவர் வழக்கம். அன்று கேலி எதுவும் வரவில்லை. டார்ச்சை அணைத்தார். "டார்ச் நிறத்துல பொய் சொல்லும்." பஞ்சை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"இனா, இங்க வா. கண்ணாடியோட வா."

இனா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நெட்டாவோட பச்சை" என்றாள்.

பழைய உறை ஒன்றின் பின்பக்கத்தில் அதை டேப் போட்டு ஒட்டினார். கீழே பென்சிலால் எழுதினார்: வியாழன். பச்சை. வியாழக்கிழமை அவர் லெர்விக் நகரத்துக்கு டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. கம்பளிக் கடை அதே தெருவில்தான். பஞ்சோடு ஒத்துப் பார்த்தால், அட்டையில் இல்லாத பழைய நூலும் அங்கே கிடைக்கலாம். "லௌரிகிட்ட மூச்சு விடாதீங்க" என்று உறையைக் கோட்டுப் பையில் வைத்தார். பதினாறு ஆணிகளும் தத்தம் துளைக்குத் திரும்பின. பெல்ட் கைக்கு வந்ததும் இனா சாம்பல் நூலில் பின்னத் தொடங்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஓஸ்லாவுக்குத் தொலைபேசியில் சொன்னார்: "பேசுதுன்னு சொன்னா அவன் நம்பல. நாலு தடவை வாசிச்சுப் பார்த்தான்." அவர் குரலில் சிரிப்பு இருந்தது. அவரிடமிருந்து அவள் கேட்ட கடைசிச் செய்தி அது.

அடக்கம், அவர் விழுந்த புதனுக்கு அடுத்த புதன்கிழமை. ஊர்க்கூடத்தில் தேநீரும் சூப்பும் போய்க்கொண்டிருந்தபோது லௌரி பெட்டியோடு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசித்தார். ஓஸ்லா தேநீர்க் கெண்டியைப் பிடித்தபடி நின்றாள். மற்ற சுரங்கள் அவள் காதில் விழவே இல்லை. அந்த ஒன்றை மட்டும் எண்ணினாள். விரிக்கும்போது பேசியது. மூடும்போதும் பேசியது. ஒன்பது தடவை.

வீடு திரும்பியபோது வெளிச்சம் குறைந்திருந்தது. வந்துபோனவர்களுக்கு நடுவே வாரம் முழுதும் இனா பின்னிக்கொண்டேதான் இருந்தாள். ஸ்வெட்டரின் சாம்பல் உடலும் இரண்டு கைகளும் சேர்ந்து ஊசியில் ஏறியிருந்தன. அங்கே நின்றிருந்தது.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"இங்க பச்சை வரணும்."

கிப்பியின் கோட் கொக்கியிலேயே தொங்கியது. ஓஸ்லா பையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தாள். இனா அதை மடியில் வைத்து, டேப்பின் மேல் விரலை ஓட்டினாள்.

"வியாழன்னு எழுதியிருக்கார். எந்த வியாழன்னு எழுதலையே உங்கப்பா" என்றாள்.

பிறகு பெல்ட்டை இடுப்பில் இறுக்கி, ஊசியைத் துளையில் ஊன்றி, பச்சை வர வேண்டிய கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள். ஓஸ்லா பெரிய டார்ச்சை எடுத்து வந்து பக்கத்தில் நின்று பிடித்தாள்.