குரல் வந்தது, கை வரவில்லை

காதில் பூ சுற்றுகிறான் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை. இது எனக்கு நடந்தது. கூட இருந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஒருவர் என் தங்கையின் கணவர். அவரிடம் இதைப் பற்றிக் கேட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. பன்னிரண்டு மணி அடிக்கும், நாய் ஊளையிடும் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். நடுக்கடலில் நாய்க்கு எங்கே போவது? பிற்பகல் மூன்றே காலுக்கு, மண்டையைப் பிளக்கும் வெயிலில் நடந்தது இது.

நான் ஒரு சரக்குக் கப்பலில் மூன்றாவது ஆபீசராக இருந்தேன். உயிர்காப்புப் படகு, லைஃப் ஜாக்கெட், தீயணைப்புக் கருவிகள் எல்லாம் என் பொறுப்பு. அபாய மணி அடித்தால் எல்லோரும் மேல்தளத்தில் ஓரிடத்தில் கூட வேண்டும். நான் ஒவ்வொருவரையும் வேலையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். ‘இருக்கேன்’ என்று பதில் வர வேண்டும். உலகத்தில் எந்தக் கொடியோடு ஓடும் கப்பலுக்கும் இது சட்டம். மாதாமாதம் ஒத்திகை நடத்தியே ஆக வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், எஞ்சின் அறையில் பெரிய தீ பிடித்துவிட்டால் தண்ணீரை நம்ப முடியாது. கதவுகளையும் காற்றுக் குழாய்களையும் மூடிவிட்டு, உள்ளே கரியமில வாயுவைத் திறந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் தீ அடங்கும். உள்ளே ஆள் இருந்தால் அவரும் அடங்கிவிடுவார். அதனால்தான் ‘எல்லாரும் வந்தாச்சு’ என்று நான் சொல்லாமல் கேப்டன் அந்த வாயுவைத் திறக்கச் சொல்ல மாட்டார்.

தங்கையின் கணவர் அந்தக் கப்பலில் ஃபிட்டர். எஞ்சின் அறையை ஒட்டிய பட்டறையில் வெல்டிங்கும் கடைசலும் அவர் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான். தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்புகிற அன்று மட்டும் வாசலுக்கு வந்தாள்.

“நீதான் கூட்டிட்டுப் போற. நீதான்ணே கூட்டிட்டு வரணும்.”

“ரெண்டு பேரும் ஒரே கப்பல்தானே. எங்க போயிடப் போறாரு?” என்றேன்.

பழைய கப்பல். முகப்பில் புதுப் பெயர் எழுதியிருந்தார்கள். அதற்கடியில் வேறொரு பெயரின் எழுத்துகள் பெயின்டைத் தாண்டிப் புடைத்துத் தெரிந்தன. கப்பல் கைமாறினால் பெயர் மாறுவது சகஜம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் மாத ஒத்திகை. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். நான் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

“ஃபிட்டர்.”

“இருக்கேன்.”

டிக் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போனேன். எல்லாம் முடிந்து தாளை மடிக்கும்போது, படியில் யாரோ மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். மாப்பிள்ளை. ஒரு காலில்தான் ஷூ இருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வராத ஆளுக்காகக் கூட்டாளி குரல் கொடுப்பது பல கப்பல்களில் இருக்கிற வியாதி. பாவம், டீ குடிக்கிறான், நான் சொல்லிவிடுகிறேன் என்பார்கள். ஒத்திகையில் பழகிய வாய் நிஜத்திலும் அதையேதான் சொல்லும்.

“யாரு குரல் குடுத்தது?”

சமையல்காரர் மட்டும் கடலைப் பார்த்தபடி சொன்னார்.

“இந்தக் கப்பல்ல ஃபிட்டர் லேட்டாதான் சார் வருவாரு. பதில் முன்னாடியே வந்துரும்.”

வேடிக்கையாகச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மேல்தள ஆட்களுக்கெல்லாம் மூத்தவர் போசன். பெயர் மாறுவதற்கு முன்பிருந்தே அந்தக் கப்பலில் இருப்பவர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்கே ஒரு விதி போட்டேன். இனிமேல் குரல் மட்டும் போதாது. கையையும் தூக்க வேண்டும். கையைப் பார்த்தால்தான் டிக்.

“மச்சான் எல்லாரையும் ஒண்ணாங்கிளாஸ்ல சேர்த்துட்டாரு” என்று மாப்பிள்ளை ஒரு வாரம் கிண்டல் செய்துகொண்டு திரிந்தார். சாப்பாட்டு மேஜையில் குழம்பு வேண்டுமென்றாலும் கையைத் தூக்குவார்.

அடுத்த மாதம். மாப்பிள்ளை முதல் வரிசையில், என் கண்ணெதிரே நின்றார்.

“ஃபிட்டர்.”

“இருக்கேன் மச்சான்.” கையைத் தூக்கினார். சிரித்தார்.

“இருக்கேன்…”

இரண்டாவது குரல். பக்கவாட்டிலிருந்து வந்தது. அங்கே ஆள் இல்லை. எஞ்சின் அறையிலிருந்து மேலே வரும் காற்றுக் குழாயின் இரும்பு மூடிதான் இருந்தது, திறந்தபடி.

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றுவிட்டது. அவரும் அந்தக் குழாயைத்தான் பார்த்தார்.

“எதிரொலி” என்றேன். எனக்கே நம்பிக்கையில்லாத குரலில் சொன்னேன். இத்தனை பேரைக் கூப்பிடுகிறேன், ஃபிட்டருக்கு மட்டும் எதிரொலி வருமா? அன்று மாலை அந்த மூடிக்குக் கிரீஸ் போட்டு, நானே நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தேன். மூடும்போதெல்லாம் உள்ளிருந்து யாரோ மூச்சு விடுவதுபோல் ஒரு காற்று. எஞ்சின் அறைக் காற்று சூடாக இருக்கும். இது சில்லென்று இருந்தது.

அதற்குப் பதினோரு நாள் கழித்து மணி அடித்தது. ஏழு குறுமணி, ஒரு நெடுமணி.

ஒத்திகை இல்லை. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்து, சூடான எஞ்சின்மேல் பீய்ச்சியடித்துத் தீப்பிடித்திருந்தது. நான் மேல்தளத்துக்கு வரும்போதே கரும்புகை தளத்தை மூடியிருந்தது. வெயில் அடித்தது, ஆனால் பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியவில்லை. தலைக்கு மேல் தூக்கினால் கை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. போசன் காற்றுக் குழாய்களை ஒவ்வொன்றாக மூடினார். தலைமை எஞ்சினியர் வாயு அறையின் கதவைத் திறந்து, பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றார். கேப்டன் மேலே, கப்பலை ஓட்டும் அறையில். நான் கூப்பிடுவது அவருக்கும் கேட்கட்டும் என்று வாக்கிடாக்கியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“போசன்.” இருக்கேன். கை.

“ஆயிலர்.” இருக்கேன். கை.

“ஃபிட்டர்.”

“இருக்கேன்.”

மாப்பிள்ளையின் குரல்தான். கொஞ்சம் கரகரத்த குரல். எனக்கு உயிர் வந்தது. டிக் போட்டேன்.

“சமையல்காரர்.” இருக்கேன். கை.

கடைசி ஆள்வரை கூப்பிட்டு முடித்தேன். வாக்கிடாக்கி கத்தியது.

“மூணாவது ஆபீசர், எல்லாரும் இருக்காங்களா? எண்ணெய்த் தொட்டி பக்கத்துலயே எரியுது. சீக்கிரம் சொல்லு.”

சொல்ல வாயைத் திறந்தேன்.

ஏதோ ஒன்று இடித்தது. மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். போசன், கை. ஆயிலர், கை. ஃபிட்டர்…

குரல் வந்தது.

கை வரவில்லை.

“ஃபிட்டர், கையைத் தூக்குங்க.”

“இருக்கேன்.”

“மாப்ள, கை…”

“இருக்கேன்… இருக்கேன்…”

கூட்டத்தின் நடுவிலிருந்துதான் வந்தது. காற்று ஒரு வீச்சு வீசியது. புகை விலகியது. குரல் வந்த இடத்தில் வெறும் தளம்.

வாக்கிடாக்கியை அழுத்தினேன்.

“ஒருத்தர் குறையுது சார். ஃபிட்டர் இல்ல.”

“என்ன உளர்றே? இருக்கேன்னு எனக்கே கேட்டுதே!”

“அது அவர் இல்ல சார். வாயுவைத் திறக்க வேண்டாம். நான் உள்ளே போறேன்.”

போசன் ஏற்கெனவே மூச்சுக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்றைத் தந்தார். அவர் கண்ணில் தண்ணீர் ஓடியது. புகையா, அழுகையா, தெரியவில்லை.

“நானும் வர்றேன். போன தடவை யாரும் போகல” என்றார்.

போன தடவை என்றால் என்ன என்று கேட்க நேரமில்லை.

படி இறங்கினோம். அனல். கண்ணாடிக்கு வெளியே கறுப்பு. சுவரைத் தடவித் தடவிப் பட்டறைக் கதவைக் கண்டுபிடித்தோம்.

டார்ச் அடித்தேன்.

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு கடைசல் இயந்திரத்தில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது.

வலது கை மட்டும் மேலே தூக்கியபடி இருந்தது.

நினைவில்லாத ஆளின் கை எப்படி நிற்கும்?

நான் பிடித்து இறக்கினேன். இறங்கவில்லை. இன்னொரு பக்கம் யாரோ பிடித்திருப்பதுபோல் இருந்தது. வெடுக்கென்று இழுத்தேன். விட்டது.

தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கதவு அடைபட்டது. “இப்ப எல்லாரும் இருக்காங்க” என்று கத்தினேன். வாயு ‘உஸ்ஸ்’ என்று உள்ளே பாய்ந்தது. மூடியிருந்த காற்றுக் குழாய்க்குள்ளிருந்து, அந்தச் சத்தத்துக்கு நடுவே…

“இருக்கேன்…”

“இருக்கேன்…”

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. போசன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தீ அணைந்தது. பக்கத்துத் துறைமுகத்துக்கு இழுத்துப் போனார்கள். மாப்பிள்ளை பிழைத்தார். மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சு வந்தது. தங்கைக்கு முதலில் போன் போட்டுக் கொடுத்தேன். அழுதார்கள், சிரித்தார்கள், எனக்கும் இரண்டு திட்டு விழுந்தது. போனை வைத்ததும் மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“மச்சான், நீங்க எங்க நின்னுட்டுப் பேரு கூப்பிட்டீங்க?”

“மேல்தளத்துல.”

“அப்ப கீழ கூப்பிட்டது யாரு?”

அவரே மெதுவாகச் சொன்னார்.

“மணி அடிச்சதும் கிளம்பினேன். கதவுகிட்ட ஒருத்தர் தாளைக் கையில வெச்சுட்டு நின்னாரு. வெள்ளை ஹெல்மெட், உங்களது மாதிரி. முகம் தெரியல. ஒவ்வொருத்தரா கூப்பிட்டாரு, எல்லாரும் பதில் சொன்னாங்க. அப்ப மேல்தளத்துலதான் இருக்கேன்னு நெனச்சுட்டேன் மச்சான். ஃபிட்டர்னதும், இருக்கேன்னு கையைத் தூக்கினேன். பக்கத்துல இன்னொரு ஆளும் தூக்கினாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அவ்வளவுதான் தெரியும்.”

வெளி வராந்தாவில் போசன் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை விடாமல் கேட்டேன். அவரும் மறைக்கவில்லை.

கப்பலுக்குப் பழைய பெயர் இருந்தபோது இதே எஞ்சின் அறையில் தீ. பட்டியலை வாசித்தது அப்போதைய மூன்றாவது ஆபீசர். ஃபிட்டர் என்றதும் ‘இருக்கேன்’ என்று பதில் வந்தது. குரல் கொடுத்தது ஃபிட்டரின் கூட்டாளி. பின்னால் வந்துகொண்டிருப்பார் என்ற நினைப்பு. வாயுவைத் திறந்தார்கள். மறுநாள் பட்டறையில் ஃபிட்டரை எடுத்தார்கள்.

“அந்த மூணாவது ஆபீசர் அதுக்கப்புறம் தூங்கவே இல்ல சார். தாளை வெச்சுட்டு எஞ்சின் அறைப் படியில உக்காந்து பேரு வாசிச்சுட்டே இருப்பாரு. துறைமுகம் வர்றதுக்குள்ள ஆளைக் காணோம். கடல்ல விழுந்துட்டாருன்னு முடிச்சுட்டாங்க. எங்களுக்கு உடம்பு கிடைக்கல.”

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

விமானத்தில் கறுப்புப் பெட்டி இருப்பதுபோல் பெரிய கப்பல்களிலும் ஒன்று இருக்கும். கேப்டன் நிற்கிற அறையில் கேட்கும் ஒவ்வொரு சத்தமும் அதில் பதிவாகும். வாக்கிடாக்கிக் குரலும் சேர்த்துத்தான். ஆறு வாரம் கழித்து விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். நல்ல மனிதர். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

“ஒரே ஒரு சந்தேகம். நீங்கதானே பேரு கூப்பிட்டீங்க? நடுவுல இன்னொருத்தர் ஏன் கூப்பிடறாரு?”

பதிவு ஓடியது. போசன். ஆயிலர். ஃபிட்டர். சமையல்காரர். வரிசையாக என் குரல், அவர்கள் பதில். பட்டியல் முடிந்தது. கேப்டன் பேசுவதற்கு முன் சின்ன இடைவெளி.

அந்த இடைவெளியில் காற்று இல்லை. அபாய மணி இல்லை. இரும்பு அறைக்குள் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் மட்டும்.

பிறகு நான் கேட்டே இராத ஒரு குரல், நிதானமாக.

“மூணாவது ஆபீசர்.”

பதில் வந்தது.

“இருக்கேன்.”

என் குரல்.

பட்டியலை வாசிப்பவன் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்வதில்லை. நான் அந்த வார்த்தையை அன்று சொல்லவே இல்லை. அதிகாரி மறுபடி போட்டார். மறுபடியும் அதேதான். என் டீ அப்படியே ஆறிப்போனது.

கப்பல் வேலையை அன்றோடு விட்டேன். தங்கை மகனுக்கு இப்போது நாலு வயது. மாமா ஏன் கூப்பிட்டால் பதிலே சொல்வதில்லை என்று கேட்கிறான். பேங்கில் கூப்பிட்டாலும், டாக்டரிடம் கூப்பிட்டாலும், வீட்டுக்குள்ளிருந்து மனைவி கூப்பிட்டாலும், கூப்பிட்டவரின் முகத்தை நேரில் பார்த்த பிறகு நான் கையை மட்டும்தான் தூக்குகிறேன். என் குரல் ஒரு தடவை அங்கே போய்ப் பதில் சொல்லிவிட்டது. இனி கை மட்டும்தான் பாக்கி. அதை, அங்கே பேர் வாசிக்கிறவர் பார்க்கிற இடத்தில் நான் தூக்கப் போவதில்லை.