உறுதிக்காரிக்கு வந்த நட்டஈடு

உடுவிலில் உள்ள என் காணியில் வெங்காயம் வைத்தவர் குத்தகைக்காரர் சிவம் அண்ணை. புயல் வெள்ளத்தில் அத்தனையும் அழுகிப்போனது. அரசாங்க நட்டஈடோ என் பெயருக்கு வந்தது! ஆத்திரத்தோடு அவரையும் கூட்டிக்கொண்டு நட்டஈடு வழங்கும் அலுவலகம் போனேன்.

"அழிஞ்சது இவரின்ரை பயிர். இவருக்கெல்லோ குடுக்கவேணும்?"

"காணி உறுதிப் பத்திரம் உங்கடை பேரிலை, அக்கா. குத்தகை எழுதியிருக்கோ?" என்றார் அலுவலர்.

எழுதவில்லை. அண்ணை கேட்ட போதெல்லாம், காணி பறிபோய்விடுமோ என்று பயந்து தட்டிக்கழித்தவள் நான்தான்.

"நான்தான் கேக்காமல் விட்டிட்டன்," என்று அண்ணை முந்திக்கொண்டு சொன்னார்.

பணத்தை அன்றே அவரிடம் கொடுத்தேன், குத்தகையையும் எழுதினேன். விதைத்தவனைப் பார்க்காத அந்தச் சட்டத்தின் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அதற்குத் துணைபோன என்மேலும்தான்.