காலித் தட்டுகளுக்கு ஊற்றிய தண்ணீர்

அண்ணன் கிளம்பிப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளிர் விலகியிருந்தது, வெயில் இன்னும் பல்லைக் காட்டவில்லை. நாற்றுப் பண்ணைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "இப்ப என்னங்க நடலாம்?" என்று கேட்கிற பருவம். தோளில் பையை மாட்டிக்கொண்டு, கம்பிக் கதவைப் பிடித்தபடி அவன் தங்கையிடம் சொன்னான்:

"வெண்டை, வெள்ளரி, புடலை, பீர்க்கை போடு. கத்தரி, தக்காளி நாத்தெல்லாம் இப்பவே வித்துப் போயிடணும். யாராச்சும் முட்டைக்கோசு கேட்டா இல்லன்னுடு. வெயில்ல சுருண்டுட்டு நம்ம தலையில பழி விழும். கோடை முடியறதுக்குள்ள வந்துடுறேன்."

கோடைகள் வந்து போயின. அண்ணன்தான் வரவில்லை. வாரம் தவறாமல் வந்த போன், நினைத்தால் ஒருமுறை என்று ஆகிப்போனது.

பண்ணை என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பின்னால் பச்சை நிழல்வலை, அதன் கீழே மேசை மேசையாகக் குழித்தட்டுகள். ஒரு தட்டு விற்றதும் தேங்காய் நார்த்தூள் நிரப்பி அடுத்த விதையை ஊன்றிவிட வேண்டும். அப்போதுதான் எந்த வாரமும் கையில் நாற்று இருக்கும். அந்த ஏற்பாடே தங்கையின் காலைக் கட்டிப்போட்டது. ஒரு தட்டு விலைக்கு நிற்கும், இன்னொன்று இலை விட்டிருக்கும், மூன்றாவது அப்போதுதான் தலையை நீட்டும். எந்த நாளைப் பார்த்துக் கதவைச் சாத்துவது?

அப்படிப்பட்ட ஒரு முன்வேனிலில், கூடப் படித்த தோழி கூப்பிட்டாள். அவள் பயணிகள் கப்பலில் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தாள்.

"ஏண்டி, இங்க ஒரு எடம் காலியாகுது. வெயில் ஏறுனதும் கப்பல் கெளம்பிடும். உன் பேரச் சொல்லிவெச்சிருக்கேன். வர்றியா, இல்ல கத்தரிச்செடிக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டே கெடக்கப் போறியா?"

"வர்றேன்டி."

சொன்ன குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அம்மாவிடம் சொன்னாள். "போயேன்," என்றாள் அம்மா. "நான் என்ன பச்சப்புள்ளையா? கையி காலு நல்லாத்தானே இருக்கு?"

அந்த முறை சீக்கிரம் கைக்கு வருவதை மட்டும் விதைத்தாள். வெள்ளரி, புடலை, பீர்க்கை. மிளகாய் விதையைத் தொடவே இல்லை. அது ஒன்றரை மாதம் ஆளை உட்கார வைத்துவிடும். தட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பழகிய கை சும்மா இருக்காமல் நார்த்தூளை நிரப்பியது. விதைதான் போடவில்லையே என்று அவளும் விட்டுவிட்டாள்.

தண்ணீர் லாரி ஓட்டுநர் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மிளகா நாத்து இல்லியா? வெறுங்கையோட போனா வீட்டுக்காரி என்னையே நட்டுருவா."

"நட்டாலும் நீங்க காய்க்கவா போறீங்க? வேற எடம் பாருங்கண்ணே. நான் ஊருக்குப் போறேன்."

அம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பை பாதி கட்டியாகிவிட்டது. ஒரு விடியலில் பூவாளியோடு வரிசையாக ஊற்றிக்கொண்டே போனவள் சட்டென்று நின்றாள். காலித் தட்டுகளில் குழிக்கு ஒன்றாக, ஜோடி இலைகள்.

"அம்மா! என்ன இது?"

"மிளகா."

"யாரு போட்டா?"

"நான்தான். வெறுமனே கெடந்தா பாக்கச் சகிக்கல. வெதைய அமுக்குனது நான். தெனமும் தண்ணி ஊத்துனது யாரு? நீ தெரிஞ்சுதான் ஊத்துறேன்னு நெனச்சேன்."

அவள் கையிலிருந்த பூவாளியைப் பார்த்தாள். ஒன்றும் இல்லாத தட்டுகளுக்கும் விடாமல் ஊற்றியிருக்கிறாள். கை போன போக்கில் பூவாளியும் போயிருக்கிறது.

"நீயே வளத்துக்க. கையி காலு நல்லாருக்குன்னியே?"

"கையி காலு நல்லாத்தான் இருக்கு. தோள்பட்டைதான் போச்சு."

மறுநாள் மகள் பிடிவாதமாக ஊற்றாமல் உள்ளே உட்கார்ந்தாள். மதியத்துக்குள் நாற்றுகள் தலை தொங்கின. அம்மா டம்ளரில் மொண்டு, குழி குழியாக ஊற்றத் தொடங்கினாள். பாதி மேசையின் விளிம்பில் சிந்தியது. மகள் எழுந்துபோய் டம்ளரைப் பிடுங்கினாள்.

கப்பல் போய்விட்டது. தோழி ஒரு படம் அனுப்பினாள். மேலும் கீழும் நீலம். அதைப் பார்த்துவிட்டு இவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். மிளகாய் விற்றுத் தீர்ந்ததும் அந்தத் தட்டுகளில் கத்தரி ஏறியது. பாதி கட்டிய பையை எப்போது அவிழ்த்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. அண்ணனின் போன் அந்தக் கோடையோடு அடியோடு நின்றது. காரணம் தெரியவில்லை. இவள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

அம்மாவின் தலை முழுக்க நரைத்து, தோழியும் இரண்டு கப்பல் மாறிய பிறகு, தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"அண்ணன்தான். நீ கப்பல் வேலைக்குப் போகப்போறதா அம்மா அப்ப போன்ல அழுதாங்க. நானும் இல்ல, நீயும் விட்டுட்டுப் போயிட்டியேன்னு எனக்கு ஒரே கோவம். அதான் இத்தன நாள் பேசல. இப்ப கோவமெல்லாம் இல்ல. நம்ம வீட்ல நீயாச்சும் நாலு எடம் பாத்தியே. இப்ப எந்தக் கடல்ல இருக்க?"